தலைக்கு மேலால் போன குஞ்சுகள்

குஞ்சு வளர்ப்பு வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். போன மாதம் உங்கள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு, நல்ல கதிரையாகப் பார்த்து முன்னுக்கு இருத்தினீர்கள். அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்.

“அம்மா, இரத்மலானையில இருந்து பலாலிக்குப் பிளேனில ஒண்டரை மணித்தியாலம்கூட இல்லையாம். அப்ப ஒருநாள் வயசுக் குஞ்சுகளைப் பிளேனில எடுத்தால் என்ன?”

கோழிக்குஞ்சுக்குப் பிளேனா என்று மற்றவர்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. நாங்கள் ஒருமுறை எடுத்திருக்கிறோம். உங்கள் அம்மாமார் பிறப்பதற்கு முந்திய கதை அது. அன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி எழுத நாள் எடுத்தது. நீங்களும் ஆறுதலாகவே வாசியுங்கள்.

அக்கராயன் பக்கத்துக் குடியேற்றத்துக்கு நானும் அவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டினோம். இரண்டாம் போகம் வெட்டுவதற்கு முன் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. காணியை அவருடைய தம்பியார் பொறுப்பெடுத்தார். வளவின் மூலையில் எனக்கு ஒரு கொட்டில் இருந்தது. அண்ணர் என்னைக் கூட்டிப் போக வந்தார். அண்ணர் நல்ல மனுசன். அண்ணியும் குறை சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் குசினி ஒன்றுதான், அதற்கு ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். நான் போனால் இரண்டாவது ஆளாக அடுப்படியில் இருந்து கிழவியாவேன் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் எங்கள் குடியேற்றத்தில் அரசாங்கம் ஒரு சின்னக் கோழிப் பண்ணை போட்டது. கொழும்புப் பக்கமிருந்து பொரித்து ஒரு நாளேயான குஞ்சுகளை எடுத்து, இறகு முளைக்குமட்டும் ஓரிடத்தில் வைத்து வளர்த்து, பிறகு வீடு வீடாகக் கொடுப்பது திட்டம். அதைப் பார்க்க விவசாயப் போதனாசிரியர் ஒருவர் இருந்தார். மெலிந்த மனுசன். யாரோடும் உரத்துப் பேசமாட்டார். குஞ்சுகளோடு இருக்க ஓர் ஆள் வேண்டும் என்றபோது நான் போய்க் கேட்டேன்.

“கோழி வளத்திருக்கிறீங்களோ?” என்று கேட்டார்.

“வளத்திருக்கிறன் ஐயா. கோழி மட்டும்தான் எனக்கு மிச்சம்” என்றேன்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. வேலை கிடைத்தது, ஆனால் அது பார்த்துச் செய்கிற வேலைதான். பண்ணை சரிவந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் பூட்டு. அண்ணர் அதைக் கேட்டுவிட்டு, “சரி, தை பிறக்குமட்டும் பார். சரிவராட்டி நான் வந்து கூட்டிக்கொண்டு போவன், பிறகு சாட்டுச் சொல்லக் கூடாது” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

முதல் தொகுதி ரயிலில் வந்தது. கிளிநொச்சி ஸ்ரேசனில் இறக்கிப் பெட்டியைத் திறந்தபோது பாதிக்கு மேல் அசையவில்லை. ரயிலைக் குறை சொல்லமாட்டேன், அது நேரத்துக்குத்தான் வந்தது. குஞ்சுகள் விடியற்புறம் பொரித்திருக்கின்றன, வண்டியோ இரவில்தான் புறப்படும். வண்டி ஏறுவதற்கு முன்னமே அதுகளின் பயணம் தொடங்கிவிட்டது. இதை அப்போது எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. பிள்ளைகளே, நீங்கள் யோசியுங்கள். முட்டைக்கோது உடைகிற நேரத்திலிருந்துதான் குஞ்சுக்கு மணி ஓடுகிறது. அது எந்த வண்டிக்காகவும் காத்து நிற்காது.

மிச்சத்தையும் குளிர் எடுத்துவிட்டது. போதனாசிரியர் இரண்டு நாள் சாப்பிடாத ஆள்போலத் திரிந்தார். மூன்றாம் நாள் வந்து, “இன்னும் ஒரு தொகுதி தருகினமாம். இதுதான் கடைசி. இந்த முறை பிளேனில எடுப்பம்” என்றார்.

“பிளேனிலையோ ஐயா?”

“ஓம். இருநூறு மைல். ஒண்டரை மணித்தியாலம் ஆகாது. காலமை ஏத்தினால் மத்தியானத்துக்குள்ள இஞ்ச நிக்கும்.”

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இருநூறு மைலை ஒரு பானைச் சோறு அடுப்பில் ஏறி இறங்குகிற நேரத்தில் கடப்பதென்றால் இனி என்ன பயம்? ஊருக்குள் கதை பரவியது. ஆண்கள் என்னைக் கண்டால் விடுவதில்லை. “மனுசருக்கு இஞ்ச ஒழுங்கான ஆசுப்பத்திரி இல்லை, கோழிக்குப் பிளேன்!” என்று ஒருவர் சொல்ல, “பொறுங்கோ, முட்டை போடத் தொடங்கினால் கப்பலும் வரும்” என்று இன்னொருவர் சொல்லுவார்.

குஞ்சு வீட்டில் தகரத்தால் ஒரு பெரிய குடைபோலச் செய்து தொங்கவிட்டிருந்தோம். அதற்குக் கீழே அரிக்கன் லாம்புகளை எரிய வைத்தால் சூடு கலையாமல் நிற்கும். மார்கழி மாதம், வாடைக் காற்று. சங்கக் கடையில் மண்ணெண்ணெய் முடிந்து ஒரு கிழமை. வீடு வீடாகப் போய்ப் போத்தலில் வாங்கிச் சேர்த்த எண்ணெய்தான் இருந்தது. போதனாசிரியர் முதல்நாளே யாழ்ப்பாணம் புறப்பட்டார். போகும்போது, “குஞ்சு வரேக்க வீடு சூடாய் இருக்க வேணும். பிளேன் போற சத்தம் கேட்டால் லாம்பைக் கொளுத்துங்கோ” என்றார். எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது.

என் பக்கத்து வளவில் பாக்கியமக்கா இருந்தா. என்னைவிடப் பத்து வயது மூப்பு. நான்கு பிள்ளைகள், வாய் கொஞ்சம் பெரிது, கை அதைவிடப் பெரிது. என் மனுசன் செத்த மாதம் முழுக்க எனக்குச் சோறு தந்தது அவாவின் கைதான். அன்று காலை வெயில் எறித்ததால் அக்கா நெல் அவிக்க ஆயத்தமானா. முதல்நாள் ஊறப் போட்ட நெல், அன்றைக்கு அவிக்காவிட்டால் முளைத்துவிடும்.

பிளேன் எங்கள் தலைக்கு மேலால் போகும் என்றுதான் நாங்கள் சொல்வோம். சரியாகச் சொன்னால் மேற்கே, பூநகரிப் பக்கம் சாய்ந்து போகும். அன்று சத்தம் கேட்டதும் எல்லோரும் முற்றத்துக்கு ஓடினார்கள். வெள்ளியாய் மினுங்கிக்கொண்டு போனது.

“எடியே செல்லம், உன்ர பிள்ளையள் போகுதுகளடி!” என்று பாக்கியமக்கா அகப்பையோடு ஓடிவந்து கத்தினா.

“போகுதுகள் இல்லை அக்கா, வருகுதுகள்.”

“வாறதெண்டால் ஏன் எங்களை விட்டிட்டு அங்கால போகுது? இதிலயே இறக்கிவிடச் சொல்லிக் கையைக் காட்டன்!”

எல்லோரும் சிரித்தோம். நான் உண்மையாகவே கையைக் காட்டினேன். பிறகு ஓடிப் போய் லாம்பெல்லாம் கொளுத்தினேன்.

அக்கா பகிடிக்குச் சொன்னதில்தான் அன்றைய விஷயம் முழுக்க இருந்தது. எங்கள் கூரையைத் தாண்டிப் போன குஞ்சு, பலாலியில் இறங்கி, யாழ்ப்பாணம் வந்து, சாவகச்சேரி, ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி என்று அத்தனையையும் கடந்து திரும்ப எங்களிடம் வரவேண்டும். இருநூறு மைலை நாங்கள் அளந்தோம். அந்த அறுபது மைலை ஒருவரும் அளக்கவில்லை.

மத்தியானம் ஆனது. ஆளில்லை. குஞ்சு வீட்டுக்குள் கையை வைத்தால் நல்ல இதமான சூடு. சூடு இருக்கிறது, குஞ்சு இல்லை. வெயில் மங்கித் தூறல் தொடங்கியது. வாசலில் நின்றவர்கள், “இந்தா வந்திடும், இந்தா வந்திடும்” என்றார்கள். லாம்பொன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். எண்ணெய் அடியில் போய்விட்டது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். எந்த நேரமும் வரலாம் என்று எல்லோரும் சொல்லும்போது எரிகிற விளக்கை அணைப்பது பெரிய பாடு. வரும்போது வீடு குளிர்ந்திருந்தால் பழி உங்கள் தலையில். அணைக்காமல் விட்டால் ஒருவரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள், குஞ்சுதான் சாகும். நான் ஒவ்வொன்றாக எல்லா லாம்பையும் அணைத்தேன்.

“என்ன பிள்ளை, நூத்துப்போட்டாய்?” என்று ஒருவர் பாய்ந்தார். “ஐயா கொளுத்தச் சொல்லியெல்லோ போனவர்?”

“ஐயா குஞ்சுக்குத்தான் கொளுத்தச் சொன்னவர். வெறும் வீட்டுக்கு இல்லை” என்றேன். வாய் துணிவாய்ச் சொன்னது. கண் ஒழுங்கையிலேயே இருந்தது.

பொழுது சாய்கிற நேரம் லொறிச் சத்தம் கேட்டது. முல்லைத்தீவிலிருந்து கோழியும் முட்டையும் வாங்கி யாழ்ப்பாணம் கொண்டுபோகிற முஸ்லிம் வியாபாரி ஒருவரின் லொறி. நானா என்றுதான் நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். போதனாசிரியர் அவரைத்தான் பிடித்திருந்தார். லொறி நின்றது. முன் ஆசனத்தில் நானாவின் பக்கத்தில் மனுசர் இல்லை. சாக்குப் போர்த்திய மட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. பின்பெட்டியிலிருந்து, தலையில் இன்னொரு சாக்கோடு, நனைந்த காகம்போலப் போதனாசிரியர் இறங்கினார்.

“என்ன ஐயா இது கோலம்?” என்றேன்.

“முன்னுக்கு எஞ்சின் சூடு இருக்குத் தங்கச்சி. குஞ்சுகள் அதில இருக்கட்டும் எண்டு நானா என்னைப் பின்னால ஏத்திப்போட்டார்” என்று குளிரில் பல் கிட்டச் சிரித்தார்.

“ஐயாவுக்குத் தடிமன் வந்தால் கொத்தமல்லி இருக்கு. இதுகளுக்கு என்ன இருக்கு?” என்றார் நானா. பிறகு குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு தரம் லொறிச் சில்லுக்குக் காத்துப் போச்சு, தங்கச்சி. பறந்தது கொஞ்ச நேரம், ஊர்ந்தது பகல் முழுக்க. ஆனையிறவு வருமட்டும் கத்திக்கொண்டு வந்ததுகள். கத்தினால் எனக்குப் பயமில்லை, குளிருது எண்டு சொல்லுதுகள், உயிர் இருக்கு. கிளிநொச்சி தாண்டக் குறைஞ்சு போச்சு. இப்ப காது வைச்சுப் பாருங்க.”

பெட்டியில் காது வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

கோழியோடு எத்தனையோ வருஷம் கழித்தேன். நானா சொன்ன அந்த ஒன்றைவிடப் பெரிதாக யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. குஞ்சு வீட்டுக்குள் போனால் முதலில் கண்ணால் பார்க்காதீர்கள். வாசலில் நின்று கேளுங்கள். கூச்சல் போட்டால் குளிர். மெல்லக் கதைத்தால் சுகம். ஒன்றும் கேட்காவிட்டால் ஓடுங்கள்.

மூடியைத் திறந்தேன். மஞ்சள் பஞ்சுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்றை எடுத்துக் கைக்குள் வைத்தேன். கழுத்துத் துவண்டது. ஆனால் வயிற்றுப் பக்கம் நூல்போல ஒரு துடிப்பு. எல்லா லாம்பையும் கொளுத்தினாலும் இருக்கிற எண்ணெய் ஒரு சாமம் தாங்காது. குளிர்ந்துபோன தகரம் சூடேறவே நேரம் எடுக்கும். போதனாசிரியர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் தெரியும், இந்தப் பெட்டிகளோடு பண்ணையும் முடிந்தது. அண்ணருடைய பஸ் எனக்குக் கண்ணில் தெரிந்தது.

அப்போது பக்கத்து வளவிலிருந்து அவித்த நெல்லின் மணம் வந்தது.

மத்தியானம் தூறல் தொடங்கியதால் அக்கா அவிக்காமல் பார்த்துப் பார்த்து இருந்து, இனி விட்டால் முளைத்துவிடும் என்று பின்னேரம்தான் கிடாரத்தை அடுப்பில் ஏற்றியிருந்தா. அவித்து, வீட்டுக்குள் கொட்டி, பரப்பிவிடப் பாய் விரித்துக்கொண்டிருந்தா. நான் பெட்டியோடு போய் வாசலில் நின்றேன். நெல் குவியலாய் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“அக்கா, பரப்பாதேங்கோ.”

“ஏன்?”

“இந்தக் குவியல் விடியுமட்டும் சூடாய் இருக்கும். குஞ்சை இதில வைக்க வேணும்.”

அக்கா என்னைப் பார்த்தா. நெல்லைப் பார்த்தா. அவித்த நெல்லைப் பரப்பாமல் இரவு முழுக்கக் குவித்து மூடி வைத்தால் என்ன நடக்கும் என்று அவாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். புளித்து மணக்கும். அரிசி பழுப்பு அடிக்கும். பிறகு எத்தனை தரம் காயவிட்டாலும் அந்த மணம் போகாது. மாதக் கணக்கில் அந்த வீட்டுப் பிள்ளைகள் தின்ன இருந்த நெல் அது.

“மணக்குமடி” என்றா.

“ஓமக்கா, மணக்கும்.”

உள்ளேயிருந்து அவாவுடைய மனுசன், “என்னவாம்?” என்று கேட்டார்.

“ஒண்டுமில்லை. செல்லத்தின்ர பிள்ளையளுக்குக் குளிருதாம்” என்று சொல்லிவிட்டு அக்கா பாயைச் சுருட்டினா. “கொண்டா இஞ்சால. ஆனா உடன வைக்காதை, வெந்துபோகும்.”

முழங்கையை நெல்லுக்குள் விட்டுப் பார்த்தா. பிள்ளைக்குக் குளிக்க வார்க்கிற தண்ணீரை எப்படிப் பார்ப்போமோ அப்படி. சூடு கூடின இடத்தைக் கிளறி ஆற்றினா, குழி பறித்தா, சாக்கை இரண்டாய் மடித்துப் போட்டா. மறுபடி முழங்கை. “ம், இப்ப வை.” பெட்டிகளை அந்தக் குழிகளுக்குள் இறக்கினோம். மேலே சேலைத் துண்டுகள். போதனாசிரியர் ஈரச் சட்டையோடு முழங்காலில் நின்று, இளஞ்சூட்டில் சீனித் தண்ணீர் கரைத்து, ஒவ்வொரு குஞ்சின் சொண்டையும் தொட்டுத் தொட்டு நனைத்தார். நானா வாசலுக்கு வெளியே குந்தியிருந்தார். வீட்டுக்குப் போகச் சொன்னோம். “சத்தம் கேட்டாப் போறன்” என்றார்.

அக்காவின் மனுசனும் வந்து பக்கத்தில் குந்தினார். கூரையில் தூறல் விழுவது மட்டும் கேட்டது.

பிறகு ஒன்று கேட்டது. மிகச் சின்னதாக. சைக்கிள் சில்லுக்கு எண்ணெய் இல்லாமல் எங்கோ தூரத்தில் கிறீச்சிடுமே, அதுபோல ஒன்று. நான் மனப்பிரமை என்று நினைத்தேன். போதனாசிரியர் கையைத் தூக்கி எல்லோரையும் அசையாமல் நிறுத்தினார். இன்னுமொன்று. அடுத்த பெட்டியில் ஒன்று. பிறகு ஒன்றுக்கு மற்றது பதில் சொல்லத் தொடங்கியது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று வெளியே நானா எழும்பிச் சாறத்தைத் தட்டினார். “சரி தங்கச்சி, நான் வாறன். அடுத்த முறை ஐயா பிளேன் பிடிக்க முந்தி என்ர சில்லைப் பாக்கச் சொல்லுங்க.”

அன்று ஒன்றும் சாகவில்லை என்று சொன்னால் பொய். பெட்டிக்குச் சில போயின. அதுகளை அக்காவும் நானும் விடிந்ததும் வேலிக்கரையில் குழி தோண்டித் தாட்டோம். மற்றவை நின்றன. வெயில் வந்த பிறகு குஞ்சு வீட்டுக்கு மாற்றினோம். யார் யாரோ வீட்டில் ஒளித்து வைத்திருந்த எண்ணெயெல்லாம் அன்று வெளியே வந்தது. முந்திக் கப்பல் பகிடி சொன்னவரும் ஒரு போத்தலோடு வந்தார்.

நெல் மணத்தது. நாங்கள் நினைத்ததைவிடக் கூடவே மணத்தது. அக்கா இரண்டு வெயிலில் காயப் போட்டு, குற்றி, புடைத்து, கழுவிக் கழுவி ஆக்கினா. அந்த வீட்டுச் சோறு கொதிக்கிற நேரம் ஒழுங்கையில் போகிறவர்களுக்கும் தெரியும். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றார்கள். நான் என் அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா முறைத்தா. “உன்ர அரிசியை நீ தின். நான் குடுத்ததை நீ திருப்பித் தந்தால், பிறகு நான் குடுத்தது என்ன?” அன்றிலிருந்து நானும் அங்கேயே போய் அந்தச் சோற்றையே சாப்பிட்டேன். போதனாசிரியர் வருகிற நாட்களில் அவரும் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடுங்கோ என்று கேட்டே வாங்குவார்.

தை பிறந்தது. அண்ணர் சொன்னபடி வந்தார். என் உடுப்பைக் கட்ட வெறும் பையொன்றும் கொண்டுவந்தார். நான் குஞ்சு வீட்டுக்குள் நின்றேன். செட்டையில் இறகு முளைத்த குஞ்சுகள் காலுக்குள் ஓடித் திரிந்தன. அண்ணர் வாசலில் நின்று பார்த்தார். நான் தண்ணீர்த் தட்டை நீட்டினேன். “அண்ணை, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ.” பிடித்தார்.

மத்தியானம் பாக்கியமக்கா வீட்டில் சாப்பாடு. அண்ணர் முதல் கவளத்தை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“என்ன தங்கச்சி, சோறு ஒரு மாதிரி மணக்குது?”

அக்காவின் மனுசன் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்கா குழம்புச் சட்டியை ஆறுதலாக இறக்கி வைத்தா.

“அது சோத்து மணம் இல்லை அண்ணை. உங்கட தங்கச்சியின்ர உத்தியோகம்” என்றா.

அண்ணர் என்னைப் பார்த்தார். நான் என் சோற்றுக் கோப்பையைப் பார்த்தேன். அண்ணர் கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். கோப்பையில் ஒரு சோறு மிச்சம் விடாமல் முடித்து, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கையை நீட்டினார்.

பின்னேர பஸ்ஸில் அண்ணர் தனியாகத்தான் போனார். பை வெறும் பையாகவே போகக் கூடாது என்று அக்கா அதற்குள் இரண்டு சுண்டு அரிசி போட்டுக் கட்டிக் கொடுத்தா. அந்த மணத்த அரிசிதான்.